பூடான் மடாலயங்கள்: முதல்முறை போகிறவர்கள் எந்த வரிசையில் பார்ப்பது?

பூடான் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புலிக்கூடு மடாலயம்தான். அதை முதலில் பார்க்க ஆசைப்படாதீர்கள், கடைசி நாளுக்கு வையுங்கள். திம்பு, புனாக்கா, பாரோ என்று போனால் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும். கோயிலுக்குள் எதை எப்படிப் பார்ப்பது என்று கண்ணும் பழகியிருக்கும்.

படி 1: காகித வேலை

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பெர்மிட் போதும். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லாது. இதைத் தெரியாமல் எல்லை வரை போய் நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு. 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்கும் சிறியவர்களுக்கு இலவசம். மற்ற நாட்டவர்களுக்கு இது 100 டாலர். மடாலயங்களின் நுழைவுச் சீட்டுக்குத் தனியே பணம் ஒதுக்குங்கள். பூடான் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்புதான். அப்புறம், கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வையுங்கள்.

ரயிலில் போனால் ஹாசிமாராவில் இறங்கி, ஜெய்காவ் வழியாக புன்ட்ஷோலிங் எல்லைக்குப் போகலாம். விமானம் என்றால் பாரோ. வழிகாட்டியைப் பெர்மிட் எடுக்கும்போதே பேசிவிடுவது நல்லது. அவர் இல்லாமல் சுவர் ஓவியங்கள் வெறும் வண்ணமாகத்தான் தெரியும்.

படி 2: திம்புவில் ஒத்திகை

முதலில் நினைவுச் சோர்டனுக்குப் போங்கள். மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக்கின் நினைவாக 1974இல் கட்டிய வெள்ளை ஸ்தூபி இது. காலையில் பாட்டிகளும் தாத்தாக்களும் கையில் பிரார்த்தனை உருளையைச் சுழற்றிக்கொண்டு வலம் வருவார்கள். கூட்டத்தோடு சேர்ந்து நீங்களும் சுற்றுங்கள். திசை நமக்குப் பழகியதுதான், பிரதட்சிணம். பூடான் முழுக்க இதுதான் விதி, பெரிய உருளைகளையும் இதே திசையில்தான் உருட்ட வேண்டும்.

அடுத்து குன்றின் மேல் அமர்ந்திருக்கும் பிரம்மாண்ட புத்தர், தோர்டென்மா. உயரம் 50 மீட்டருக்கு மேல். உள்ளே 1,25,000 சிறு புத்தர் சிலைகள். புதுச் சிலை என்பதால் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் அங்கிருந்து திம்பு பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். கோட்டையும் மடாலயமுமான தாஷிச்சோ ஜோங்கில் அரசு அலுவலகங்கள் இயங்குவதால், வார நாட்களில் மாலை ஐந்துக்கு மேல்தான் பார்க்க விடுவார்கள்.

படி 3: தோச்சுலா வழியாக புனாக்கா

தோச்சுலா கணவாய் சுமார் 3,100 மீட்டர் உயரம். அங்கே இருக்கும் 108 சோர்டன்கள், 2003 டிசம்பரில் இந்தியக் கிளர்ச்சிக் குழுக்களை வெளியேற்றிய நடவடிக்கையில் இறந்தவர்களின் நினைவாக எழுந்தவை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிவாக இருந்தால் பனிமலைகள் வரிசையாகத் தெரியும். மேகம் மூடியிருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அங்கிருந்து சாலை சரசரவென்று 1,200 மீட்டர் உயரத்துக்கு இறங்குகிறது. ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும் ஊர் புனாக்கா. ஆண் ஆறு எனப்படும் போ சூவும் பெண் ஆறு எனப்படும் மோ சூவும் கூடும் இடத்தில் புனாக்கா ஜோங் நிற்கிறது. பூடானை ஒன்றிணைத்த ஷப்ட்ரூங் ஙவாங் நாம்கியால் 1637இல் கட்டத் தொடங்கியது. முதல் மன்னர் உக்யென் வாங்சுக் 1907இல் முடிசூடியது இங்கேதான். 1955 வரை தலைநகரும் இதுதான். ஜோங் என்றால் கோட்டை, மடாலயம், அரசு அலுவலகம் மூன்றும் ஒரே மதிலுக்குள். இன்றும் குளிர்காலத்தில் தலைமைப் பிக்கு தம் பரிவாரத்தோடு திம்புவிலிருந்து இங்கே வந்துவிடுவார்.

என் கணக்கில் பூடானிலேயே அழகான கட்டடம் இதுதான், புலிக்கூடு இரண்டாவது. அரை நாளாவது ஒதுக்குங்கள்.

படி 4: உள்ளே போனதும்

முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை மூடும் உடை. தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி வாசலோடு சரி. கருவறைக்குள் செருப்பும் கேமராவும் கூடாது. முற்றத்தில் படம் எடுக்கலாம்.

வாசல் சுவரை அவசரப்படாமல் பாருங்கள். பெரிய சக்கரம் ஒன்றைக் கவ்விப் பிடித்திருக்கும் கோரமுகம் நம் யமன்தான். சக்கரத்தின் நடுவில் சேவல், பாம்பு, பன்றி: ஆசை, கோபம், அறியாமை. பக்கத்தில் நான்கு திசைக் காவலர்கள். மஞ்சள் உடம்போடு கையில் கீரி வைத்திருப்பவர் வைஸ்ரவணன், அதாவது குபேரன். கீரியின் வாயிலிருந்து மணிகள் கொட்டும்.

சன்னிதியில் பிக்கு ஒருவர் செம்பிலிருந்து குங்குமப்பூ கலந்த நீரை உள்ளங்கையில் ஊற்றுவார். கொஞ்சம் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். நமக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாக நீளும். படையலில் மலர்போல வண்ண வண்ணமாக இருப்பவை வெண்ணெயும் மாவும் பிசைந்து செய்த தோர்மா. தொட வேண்டாம். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

படி 5: புலிக்கூடு

பாரோ தக்சாங் 3,120 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலி மேல் பறந்து வந்து இந்தக் குகையில் தவமிருந்தார் என்பது நம்பிக்கை. குகையைச் சுற்றி மடாலயம் எழுந்தது 1692இல். 1998இல் தீப்பிடித்து எரிந்ததை அப்படியே திரும்பக் கட்டினார்கள்.

காலை ஏழு, ஏழரைக்கு அடிவாரத்தில் இருங்கள். மதியம் கொஞ்ச நேரம் நடை சாத்துவார்கள், தாமதமாகப் போனால் வாசலில் காத்திருக்க வேண்டும். அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கைத்தடியை வாங்கிக்கொள்ளுங்கள், இறங்கும்போது முழங்காலுக்கு அதுதான் துணை. குதிரை பாதி வழி, சிற்றுண்டிச் சாலை வரைதான். இறங்க குதிரை கிடையாது. முடியாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து டீயோடு மடாலயத்தைப் பார்க்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

மேலே ஏற ஏற பைன் மரங்களுக்கிடையே கொடித் தோரணங்கள் அடர்த்தியாகும். மடாலயம் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் இடம் ஒன்று வரும். படம் எடுப்பதை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்: நடுவில் ஒரு பிளவு. நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவிச் சாரலில் நனைந்த பாலத்தைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மூச்சு வாங்குவது இங்கேதான். வாசலில் செல்போன், பை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும்.

ஏற இரண்டரை மணி, உள்ளே ஒரு மணி, இறங்க இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியபின் கால் ஒத்துழைத்தால் ஊருக்குத் திரும்பும் வழியில் கிச்சு லாக்காங். ஏழாம் நூற்றாண்டுக் கோயில், படியேற்றம் கிடையாது.

மறுநாள் டெல்லி விமானத்தில் திரும்புகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட் அந்தப் பக்கம்தான் வரும்.