ஏரியைச் சுற்றி ஒரு சுற்று: மனசு சோர்ந்தவர்கள் சைக்கிள் எடுப்பது எப்படி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், என் தையல் மெஷின் பக்கத்தில் 17 ஜாக்கெட் துணி வெட்டாமல் கிடந்தது. ஒவ்வொன்றோடும் அளவு ஜாக்கெட்டைச் சுருட்டி, பெயர்ச் சீட்டு குத்தி வைத்திருந்தேன். கத்தரிக்கோலை எடுப்பேன், அப்படியே வைத்துவிடுவேன். கொடைக்கானலில் அந்த மாதம் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், அதனால்தான் இப்படி இருக்கிறது என்று நினைத்தேன். வெயில் அடித்த நாளிலும் அப்படியேதான் இருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். குளிக்கப் போவதே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். அழுகைகூட வராது.

மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் லீவில் வந்தபோது என்னைப் பார்த்துப் பயந்து, மலை இறங்கி டாக்டரிடம் கூட்டிப் போனாள். இந்தக் குறிப்பில் முதல் படி அதுதான்: முதலில் டாக்டரைப் பாருங்கள். எனக்கு மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதுவதற்கு முன்னால் தைராய்டும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்த்தார்கள். இரண்டில் எது குறைந்தாலும் இதே மாதிரி ஆளை அடித்துப் போட்டுவிடுமாம். அதைக் கவனிக்காமல் சைக்கிளை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தால் அலுப்புதான் மிஞ்சும். நெஞ்சு வலி, பி.பி., முட்டித் தேய்மானம் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை தூக்கம் கொண்டுவருமா, காலையில் தலை சுற்றுமா என்று கேளுங்கள். கிறுகிறுப்போடு சைக்கிளில் ஏறக் கூடாது. சைக்கிள் ஓட்டுகிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது.

கிளம்பும்போது டாக்டர், "தினமும் உடற்பயிற்சி ஏதாவது பண்ணுங்கம்மா" என்றார்.

"நாள் பூரா பெடல்தான் சார் மிதிக்கிறேன்" என்றேன். என்னுடையது கால் மெஷின்.

"அதுல மூச்சு வாங்குதா?"

வாங்காது. 25 வருஷமாக ஒரு நாளும் வாங்கியதில்லை.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள். கியர் கிடையாது. எங்கள் ஆனந்தகிரி ஏற்றத்தில் அதை மிதிக்க ஆஞ்சநேயரே வந்தாலும் முடியாது என்பதால், படிக்கட்டுக்கு அடியில் குடையும் கோணியும் தொங்கவிடத்தான் பயன்பட்டது. எனக்கு ஓட்டத் தெரியும். நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. 90-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா முன்னால் நின்று நடத்தினார். எங்கம்மா பகலில் வெட்கப்பட்டுக்கொண்டு, இருட்டின பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் பழகினாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான். அப்படிப்பட்டவள் மலையில் வாக்கப்பட்டு வந்தபின் சைக்கிளைத் தொட்டதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய் நான்கு வேலை பாருங்கள்: டயருக்குக் காற்று, செயினுக்கு எண்ணெய், புது பிரேக் கட்டை, சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும், அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி வலிக்கும். அந்த வலியே மறுநாள் போகாமல் இருக்க நல்ல சாக்காகிவிடும். மனசு சோர்ந்தவர்களுக்குச் சாக்குக் கண்டுபிடிக்கிற மூளை மட்டும் நன்றாக வேலை செய்யும், என் அனுபவம். பிரேக் கட்டையில் கஞ்சம் பார்க்காதீர்கள். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாக இரண்டு மூன்று முறை அழுத்தித் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம்தான் நன்றாக அழுத்த வேண்டும்.

எங்கே ஓட்டுவது? கொடைக்கானலில் கியர் இல்லாத சைக்கிளுக்கு ஒரே இடம் ஏரி ரோடுதான். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை ஓடையை மறித்துக் கட்டிய ஏரி. சுற்றி வந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். வாடகை சைக்கிளும் கிடைக்கும், சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நான் வீட்டிலிருந்து ஏரி வரை இறக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே போவேன். திரும்பும்போது ஏற்றத்திலும் உருட்டிக்கொண்டே வருவேன். பார்க்கிறவர்கள், "என்னக்கா, சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?" என்பார்கள். சொல்லட்டும். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளுவதும் பயிற்சிதான், மூச்சு நன்றாகவே வாங்கும். இங்கே உயரம் 2,100 மீட்டருக்கு மேல். கீழே ஊரில் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் கிடைக்கும். கீழேயிருந்து புதிதாக வந்தவர்கள் முதல் சில நாள் பாதி வேகத்தில் போவது நல்லது.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடியும் முன் போகாதீர்கள். காட்டு மாடு ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருக்கும். பனிமூட்டத்தில் பத்தடியில்தான் தெரியும், அதுவும் முதலில் பாறை என்றுதான் நினைப்போம். பார்த்தால் மணி அடிக்காமல் இறங்கி நின்று, வந்த வழியே மெல்ல விலகிவிட வேண்டும். கன்று இருந்தால் இன்னும் தள்ளி. பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் வண்டிகள், குதிரைகள். மழை ஈரத்தில் குதிரைச் சாணத்தின் மேல் டயர் ஏறினால் வழுக்கிவிடும், எனக்கு ஒருமுறை முழங்கை சிராய்த்தது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சனி, ஞாயிறிலும் ஏப்ரல், மே சீசனிலும் கூட்டம்தான். ஆகவே என் நேரம் ஏழே முக்கால். நன்றாக விடிந்திருக்கும், கூட்டம் வந்திருக்காது. காலை வெளிச்சத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப் லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். அது கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் ஒழுங்காகி, ராத்திரி தூக்கம் இடத்துக்கு வரும். என் மூன்று மணி விழிப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டமான பகுதி. சைக்கிள் தயார், ரோடு தயார், ஆள் எழுந்திருக்க வேண்டுமே.

நல்லா இருக்கும்போது மனசு கிளம்பும், கால் பின்னால் போகும். இந்த நோயில் மனசு கிளம்பவே கிளம்பாது. "மனசு வரட்டும், போகலாம்" என்று நான் முதல் 12 நாள் காத்திருந்தேன், வரவில்லை. பிறகு செய்தது இது: முந்தின ராத்திரியே சுடிதார், ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாவற்றையும் மெஷின் மேல் எடுத்து வைத்துவிடுவேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும், தொங்கவிட்டால் சக்கரத்தில் மாட்டும். சைக்கிள் சாவி சுடிதார் பையிலேயே இருக்கும். காலையில் யோசிக்கிற வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. காபி குடித்ததும் கிளம்பிவிட வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் போச்சு.

எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம் ஒன்றுண்டு: ஏரிக்கரை வரைக்கும் போனால் போதும். அங்கிருந்து திரும்பி வந்தாலும் அன்றைக்குக் கணக்கில் சேரும். மூன்று நாள் நிஜமாகவே திரும்பி வந்திருக்கிறேன். நாலாவது நாள், இவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு வந்தாச்சே என்று ஏறி உட்கார்ந்தேன்.

அளவு: முதல் வாரம் பத்து நிமிஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த வாரம் பதினைந்து. ஒன்றரை மாதத்தில் நான் ஒரு முழுச் சுற்றுக்கு வந்தேன். வேகத்துக்கு மீட்டர் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது என்கிறது. அதைக் கேட்டதும் மலைத்துப் போகாதீர்கள். 2022-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அதில் பாதி செய்தவர்களுக்கே மனச்சோர்வு வரும் வாய்ப்பு, ஒன்றுமே செய்யாதவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. ஒன்றுமில்லாததிலிருந்து கொஞ்சத்துக்கு வருவதில்தான் லாபம் அதிகம்.

இதையெல்லாம் மகள்தான் போனில் விளக்குவாள். அவள் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்ப உதவியது. 1999-ல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 மனச்சோர்வு நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, மூன்றாவதுக்கு இரண்டும். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மட்டும் குணம் சீக்கிரம் தெரிய ஆரம்பித்தது. நான் இதில் பிடித்துக்கொண்டது அந்த 16 வாரத்தைத்தான். இரண்டாவது வாரமே, "ஒண்ணும் ஆகலை, இதுவும் வேஸ்ட்" என்று சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். நான்கு மாதக் கணக்கு என்று தெரிந்தபின் அவசரம் குறைந்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது? எண்டார்ஃபின் சுரக்கிறது, அதனால் சந்தோஷம் என்று எல்லோரும் சொல்வார்கள். ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் சுலபமாக நுழையாதாம். ஆராய்ச்சியாளர்கள் இப்போது அதிகம் பார்ப்பது வேறொரு பொருளை. 1992-ல் கண்டுபிடித்தபோது ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஆனந்தகிரியில் குடியிருந்துகொண்டு ஆனந்தமே இல்லாமல் கிடந்தவளுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. இது தவிர, தொடர்ந்து செய்யும் பயிற்சி மூளையின் நினைவுப் பகுதிக்கும் நல்லது. 2011-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வருஷம் நடைப்பயிற்சி செய்த வயதானவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது.

என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மார்பு, இடுப்பு, கை நீளம் எழுதுகிற அதே நோட்டு. கிளம்பும் முன் மனசுக்குப் பத்துக்கு எத்தனை, வந்தபின் எத்தனை. முதல் பக்கம் முழுக்க 2-3, 2-2, 3-4, 2-3 என்றுதான் இருக்கும். அன்றன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதக் கடைசியில் புரட்டினால், போகாத நாட்களில் ராத்திரி எழுதிய எண் எப்போதும் தாழ்ந்தே இருந்தது. நீங்களும் எழுதுங்கள். இந்த நோய் பொய் சொல்லும், ‘உனக்கு எதுவும் உதவாது’ என்று. நோட்டை எடுத்து அதன் முன்னால் போடலாம்.

மழை நாட்களுக்கு மாற்று வேண்டும். ஜூன் முதல் தூறல், அக்டோபர், நவம்பரில் கொட்டும் மழை. அப்போது குடை பிடித்துக்கொண்டு நடை. அதுவும் முடியாவிட்டால் வீட்டுப் படிக்கட்டில் பத்து நிமிஷம் ஏறி இறங்குவேன், சுவரில் கை ஊன்றித் தண்டால் மாதிரி எடுப்பேன். 2024-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்றில் நடை, ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி எல்லாமே மனச்சோர்வுக்கு உதவுவதாகத்தான் வந்திருக்கிறது. சைக்கிளைத்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றில்லை. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம், சமதளத்தில் கொஞ்ச நேரம் காற்று முகத்தில் படும்போது எங்கம்மா இருட்டில் முதன்முறையாக நான் பிடிக்காமலே ஓட்டிய நாள் ஞாபகம் வரும்.

சில வாரங்களில் எதுவுமே வேலை செய்யாது. எழவே முடியாமல் படுத்த நாட்கள் எனக்கு உண்டு, அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே போனால் டாக்டரிடம் மறுபடி போங்கள். செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் சைக்கிளை மறந்துவிடுங்கள், வீட்டில் யாரையாவது எழுப்புங்கள், 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நான் ஒருமுறை ராத்திரி பண்ணியிருக்கிறேன்.

அந்த 17 ஜாக்கெட்டையும் தீபாவளிக்கு முன்னால் தைத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள், நியாயம்தான். அதில் ஒருத்தி எதிர்வீட்டு அக்கா. போன வாரம் கழுத்து இறக்கம் சரி பண்ண வந்தவள், ஊக்கை மாட்டிக்கொண்டே, "எனக்கும் கொஞ்ச நாளா ஒண்ணுமே பிடிக்கலைடி" என்றாள். டாக்டரிடம் கூட்டிப் போக மகளிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. பழகுகிறவர்களுக்கு சீட் தாழ்வாக இருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். முதல் நாள் பெடலே வேண்டாம், காலால் உந்தித் தள்ளிப் பழகினால் போதும். வியாழக்கிழமை ஏழே முக்காலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சீட்டை இரண்டு அங்குலம் இறக்க வேண்டும், நட்டு துருப்பிடித்திருக்கிறது, கொஞ்சம் மெஷின் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.