பிள்ளை பாதி சொல்லி நிறுத்தும்போது

மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில் என் வீட்டு முன்கூடத்தில் 16 வருடமாக டியூஷன் நடத்துகிறேன். பள்ளியில் நடக்கும் பாலியல் தொல்லையை எந்தப் பிள்ளையும் என்னிடம் நேராகச் சொன்னதில்லை. “டீச்சர், என் கூட்டாளி ஒருத்திக்கு...” என்று ஆரம்பிப்பார்கள். இல்லையென்றால், “புதன்கிழமை புறப்பாடத்துக்குப் போகலன்னா மார்க் குறையுமா?” என்று கேட்பார்கள். அந்தப் பாதிக் கேள்விக்கு நம் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் மீதியைச் சொல்வார்கள்.

எனக்கு 14 வயதில் ஒரு ஆசிரியர் நோட்டைத் திருத்தும் சாக்கில் தோளில் கை வைத்து, உள்ளாடைப் பட்டையைத் தடவுவார். “அந்த சார் ரொம்பப் பக்கத்துல வந்து நிக்கிறாரும்மா” என்று அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா, “நீ ஏன் முன்னாடி போய் உட்கார்ற?” என்றார். அதோடு என் வாய் மூடிக்கொண்டது. அந்த வருடம் முழுவதும் பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கல்நெஞ்சக்காரி அல்ல, பயந்துவிட்டார்.

அதனால் “ஏன்” என்று தொடங்கும் எந்தக் கேள்வியையும் அன்றைக்குக் கேட்காதீர்கள். “நீ சொன்னது நல்லதும்மா. உன் மேல தப்பு இல்ல. அப்புறம் என்ன ஆச்சு?” இது போதும். எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். கார் ஓட்டும்போதோ தோசை சுடும்போதோ பேசினால், கண்ணைப் பார்க்காமல் சொல்ல அவளுக்குச் சுலபமாக இருக்கும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். “உனக்குத் தெரியாம எங்கேயும் போக மாட்டேன்” என்று சொல்லுங்கள். அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

பிள்ளைகள் வாய் திறக்காததற்கு வெட்கம் ஒரு காரணம்தான். சொன்னால் தண்டனை தங்களுக்கே வரும் என்று அவர்களுக்குத் தெரியும்: போன் போய்விடும், நெட்பால் நின்றுவிடும், அப்பா கத்துவார், பள்ளியையே மாற்றிவிடுவார்கள். இதில் எதையும் செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2021-இல் ஒரு மாணவி, வகுப்பில் ஆசிரியர் பாலியல் வல்லுறவைக் கேலியாகப் பேசியதை டிக்டாக்கில் சொன்னாள். கூடப் படித்த பையனே அவளை மிரட்டினான். என் டியூஷன் பிள்ளைகள் அதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொரு காரணத்தை நாம் நினைத்தே பார்ப்பதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, உடம்பின் சில பாகங்களுக்கு வீட்டில் தமிழ்ச் சொல்லே சொல்லிக்கொடுத்திருக்க மாட்டோம். அதை மலாயில் கவுன்சிலிங் ஆசிரியரிடம் எப்படிச் சொல்வாள்? உட்கார்ந்து இருவரும் சேர்ந்து எழுதுங்கள். தேதி, இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள், தொல்லை கொடுத்தவர் சொன்ன வார்த்தை எந்த மொழியில் இருந்ததோ அதே மொழியில். வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். ஒருமுறை எழுதிவிட்டால், சித்தி, பெரியம்மா, மாமா என்று ஒவ்வொருவரிடமும் அவள் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

“சாட்சி இல்லையே, யார் நம்புவார்கள்?” என்று பெற்றோரே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, வேறு ஆதாரம் இல்லாமல் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டிக்க முடியும். 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் இது பொருந்தும். பாலியல் நோக்கத்தோடு தொடுவது மட்டுமல்ல, பேசுவதும் குற்றம். ஆசிரியர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவருக்குக் கூடுதல் தண்டனை உண்டு. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவும் குற்றம். பள்ளியின் பெயர் கெடும், குடும்ப மானம் போகும் என்று யாராவது அமுக்கப் பார்த்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை வாங்குங்கள். தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999 இரவு பகல் எந்நேரமும் உண்டு. பினாங்கில் இருப்பவர்கள் ஜோன்ஸ் சாலையில் உள்ள டபிள்யூ.சி.சி. மகளிர் மையத்தை நாடலாம். உடம்பில் ஏதாவது நடந்திருந்தால் குளிக்கவோ உடுப்பைத் துவைக்கவோ விடாமல், நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் ‘ஓ.எஸ்.சி.சி.’ (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) எங்கே என்று கேளுங்கள். பரிசோதனை, போலீஸ் ரிப்போர்ட் இரண்டையும் அங்கேயே பார்ப்பார்கள்.

மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றால், சரி, வீட்டில் இருக்கட்டும். அவளுடைய நெட்பால் காலணியை மட்டும் வாசலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.