கிளச் வழுக்கியதற்குக் காரணம் ஒயில் கேனின் பின்பக்கத்தில் இருந்தது

கராஜில் பைக்குக்கு ஒயில் மாற்றிய பிறகுதான் தொடங்கியது. காலி வீதியில் நாலாம் கியரில் முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. பஸ்ஸை முந்தும்போது இப்படி ஆனால் அவ்வளவுதான்.

கிளச் கேபிளை இறுக்கித் தளர்த்திப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் கிளச் தட்டுகளைக் கழற்றிக்கொண்டு, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடை முதலாளி அளந்து பார்த்துவிட்டு, "தட்டு தேயவே இல்லை தம்பி, என்ன ஒயில் விட்டிருக்கு?" என்றார்.

கராஜில் மிச்சக் கேனைக் காட்டினார்கள். 10டபிள்யூ-30, ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் எண் சரிதான். ஆனால் பின்னாலுள்ள வட்ட முத்திரையின் கீழ்வளைவில் பொடி எழுத்தில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்'. கார் ஒயில்! அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். பைக் கிளச்சோ அதே ஒயிலில் நனைந்தபடி உராய்வை நம்பி வேலை செய்வது. பைக் ஒயிலுக்கான ஜப்பானியத் தரக் குறி 'ஜேசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று பார்த்து வாங்க வேண்டும். 'எம்பி' ஸ்கூட்டருக்கு.

இந்த முறை வீட்டிலேயே மாற்றினேன். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதல் சுற்றுகளைக் கையாலேயே ஏற்றினேன். அலுமினியப் புரி கழன்றால் ஒயில் பின் டயரில் கொட்டும். மாற்றியும், பழைய ஒயிலின் மிச்சத்தாலோ என்னவோ, லேசான வழுக்கல் இருந்தது. கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி ஒயில் மாற்றியதும் முற்றாக நின்றது.