நாள்பட்ட வலிக்கு டாக்டர் தேடுகிறீர்களா? முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது போய்ப்போய்த் திரும்பி வரும் வலி நாள்பட்ட வலி. இந்தக் கட்டத்தில் எல்லோரும் 'பெரிய டாக்டர் யார்' என்றுதான் விசாரிப்பார்கள். பெரிய டாக்டரிடமும் கிடைக்கப்போவது சில நிமிடங்கள்தான். அதற்குத் தயாராகப் போகாவிட்டால் பெயர் உதவாது.

ஒரு எச்சரிக்கை. முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, கால் திடீரென்று பலம் இழந்தாலோ இந்தப் பதிவை மூடிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவற்றை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 1: ஒரு பக்கக் குறிப்பு

ஏ4 தாள், ஒரே பக்கம். செயலி வேண்டாம், டாக்டர் உங்கள் போனை வாங்கி உருட்டிப் பார்க்கமாட்டார். 'முதுகு வலி' என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதுங்கள்:

"இடது கீழ்முதுகில் தொடங்கி, காலின் பின்பக்கமாகப் பாதத்தின் வெளி ஓரம் வரை. 14 மாதமாக. எரிச்சல், நடுவே ஷாக் அடித்தமாதிரி. 20 நிமிடம் உட்கார்ந்தால் கூடும், நடந்தால் குறையும். குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை."

பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடுவதைவிட அந்தச் செருப்பு வரிதான் பேசும்.

அடுத்தது மருந்துப் பட்டியல். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. நரம்பு வலி மருந்தான காபாபென்டினைப் பற்றி "காபாபென்டின் கேட்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அந்த மருந்தையே டாக்டர் ஒதுக்கிவிடக்கூடும். "காபாபென்டின் 300 மி.கி., இரவில் ஒன்று, 10 நாள், தலை சுற்றியதால் நானே நிறுத்திவிட்டேன்" என்று எழுதினால் கதையே வேறு. நரம்பு வலி ஆய்வுகளில் பலன் தெரிந்தது பெரும்பாலும் நாளொன்றுக்கு 1200 மி.கி.யும் அதற்கு மேலும் கொடுத்தபோதுதான். அதாவது மருந்து தோற்கவில்லை, அளவு எட்டவில்லை. (அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள்.) ஆக, பெயர், அளவு, எத்தனை நாள், ஏன் நிறுத்தினீர்கள்: நான்கும் வேண்டும். கடையில் நீங்களே வாங்கிப் போட்டதையும் எழுதுங்கள். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம்.

படி 2: எந்தத் துறை?

காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்தால் ருமட்டாலஜி (மூட்டுவாத நோய்த் துறை). எரிச்சல், ஷாக், மரத்துப்போதல் என்றால் நியூராலஜி (நரம்பியல்). மாதவிடாயோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், வலி இடுப்பிலோ காலிலோ இருந்தாலும், மகப்பேறு மருத்துவரிடமும் கேளுங்கள். ஒரே மூட்டு, எடை தாங்கும்போது மட்டும் என்றால் எலும்பு மருத்துவர்.

பெயின் கிளினிக் போகுமுன் ஒன்று. வலி நிபுணர்களில் பலர் மயக்கவியலில் (அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தரும் துறை) இருந்து வந்தவர்கள். சிலர் ஊசி சிகிச்சை மட்டும் செய்வார்கள், சிலர் மருந்து, பிசியோதெரபி, உறக்கம், மனநிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். போனிலேயே கேட்டுவிடுங்கள். என் ஓட்டு இரண்டாமவருக்கு.

படி 3: மொத்தத்தையும் பார்க்க ஒருவர்

வேறு நோய்களும் இருந்தால் ஒரு பொது மருத்துவர் கட்டாயம். ஒருவர் பிரஷருக்கு ராமிப்ரில் தருவார், இன்னொருவர் நீர் பிரிய மாத்திரை, மூன்றாமவர் மூட்டுக்கு ஐபுபுரூஃபன். தனித்தனியே மூன்றும் சரி. சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மூன்று சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் இது தென்படும்.

படி 4: இவர்தானா?

ஸ்கேனைப் பார்க்குமுன் உங்களைத் தொட்டு, நடக்கவைத்து, குனியவைத்துப் பார்க்கிறாரா? வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு) தேய்மானம் தெரிந்தது. ஸ்கேனை மட்டும் வைத்து அறுவை சிகிச்சை என்பவரிடம் இன்னொரு கருத்து கேளுங்கள்.

கேட்கவேண்டிய கேள்வி: "ஆறு வாரத்தில் என்ன மாறவேண்டும்? மாறாவிட்டால் அடுத்து என்ன?" பதிலில் திட்டம் இருந்தால் இரண்டு மூன்று முறையாவது போய்ப் பாருங்கள்.

நல்ல டாக்டரைப் பலர் கைவிடுவது அமிட்ரிப்டிலின் சீட்டைப் பார்த்துத்தான். தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வரும். "என்னைப் பைத்தியம் என்கிறார்" என்று கோபம் வரும். மனச்சோர்வுக்குத் தரும் அளவு வேறு. நரம்பு வலிக்குப் பெரும்பாலும் 10 மி.கி.யில் தொடங்குவார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

பிறகு சேர்த்தவை

ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது. மூலப் படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்குங்கள். போகும் இடத்துக் கணினியில் திறக்காமல் போகலாம், அதனால் அச்சிட்ட ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

"எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை" என்று கேட்டவர்களுக்கு: 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், நாள்பட்ட வலிக்குத் தனி இடம் இருக்கிறது. வேறு நோயால் விளக்க முடியாமல், வலியே நோயாக இருப்பதை அதில் 'முதன்மை நாள்பட்ட வலி' என்கிறார்கள். "இது முதன்மை நாள்பட்ட வலியாக இருக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேள்வியை அந்த ஏ4 தாளின் கடைசி வரியாக எழுதி வைத்தால் பதற்றத்தில் மறக்காது.