ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே: ஸ்பீக்கர் கேபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கித்தார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடுவது

ஒத்திகைக்கு எல்லோரும் தயார். ஹெட்டையும் (ஆம்ப் பெட்டி) கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பெட்டி) இணைக்கும் கேபிளை மட்டும் காணோம். யாராவது பெடல் பையிலிருந்து ஒரு கித்தார் கேபிளை உருவித் தருவார்கள். இரண்டு முனையிலும் அதே கால் அங்குல பிளக். செருகினால் சத்தமும் வரும். "அதான் வருதுல்ல, அப்புறம் என்ன?" எரிச்சலைக் கிளப்புவதே இந்தக் கேள்விதான்.

கித்தார் கேபிளில் நடுவே ஒரு மெல்லிய கம்பி, சுற்றிலும் இரைச்சலைத் தடுக்கும் பின்னல். மிகச் சிறிய சிக்னலுக்காகச் செய்தது அது. 100 வாட் ஆம்ப் 8 ஓம் கேபினெட்டுக்குத் தள்ளுவதோ சுமார் 3.5 ஆம்பியர், 4 ஓம் என்றால் 5 ஆம்பியர். 24 கேஜ் நடுக்கம்பி 3 மீட்டருக்கு 0.25 ஓம் காட்டும். 4 ஓமில் முழு வாட்டில் ஓட்டினால் சுமார் 6 வாட் அந்தக் கம்பியிலேயே சூடாகிப் போகும். உள்பிளாஸ்டிக் இளகிக் கம்பி பின்னலைத் தொட்டால் ஷார்ட். பிளக் அருகே அறுந்தால் ஓப்பன்.

டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஷார்ட்தான் எமன். ஓப்பனை அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வால்வ் ஆம்புக்கு ஓப்பன்தான் எமன். லோடு (ஸ்பீக்கர்) இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வ் பக்கச் சுருளில்) வோல்டேஜ் எகிறும். இஎல்34 வால்வின் சாக்கெட்டில் 3-ஆம் பின்னிலிருந்து 2-ஆம் பின்னுக்குப் பொறி பாயும்; இல்லையேல் டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் இன்சுலேஷனே பொத்துப்போகும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் வாசிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். வால்யூமைக் கூட்டிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

எந்தக் கேபிள் என்று சந்தேகமா? பிளக் மூடியைக் கழற்றுங்கள். பின்னல் இல்லாமல் ஒரே பருமனில் இரண்டு கம்பி இருந்தால் ஸ்பீக்கர் கேபிள். மூடி கழலாத வார்ப்பு பிளக்கில், உறை மேலும் எதுவும் அச்சிடவில்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

ஸ்பீக்கர் கேபிளைக் கித்தாரில் செருகுவது

உறுமும். வேறு சேதமில்லை.

பருமனுக்குப் பதில் பிராண்டைப் பார்ப்பது

கேபினெட் மேலேயே ஹெட் உட்கார்ந்திருந்தால் 1 மீட்டர் போதும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி தாராளம். 4 ஓம் பேஸ் கேபினெட், நீளமான ஓட்டம் என்றால் 2.5. கம்பி நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை அதிகம், மடக்க மடக்க ஒடியும்.

ஆம்ப் ஓடும்போது பிளக்கைப் பிடுங்குவது

கூடாது.

டிப் (பிளக் நுனி), ஸ்லீவ் (பிளக் தண்டு) மாறிச் சால்டர் செய்வது

ஒரு கேபினெட்டில் தெரியாது. இரண்டைச் சேர்த்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும். கேபிளின் ஒரு முனை கேபினெட்டில் இருக்கட்டும். ஆம்ப் பக்கத்து முனையைக் கழற்றி, டிப்பில் 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸையும் ஸ்லீவில் மைனஸையும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு கேபினெட்டிலும் ஸ்பீக்கரின் கோன் ஒரே பக்கம் நகர வேண்டும். நகராவிட்டால் கேபிள்களை இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் கேபிள், மாறாவிட்டால் கேபினெட்டின் உள் வயரிங்.