கல்லூரியின் பெயரை விடத் துறையின் நிலையைப் பாருங்கள்

எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதற்கு முன்னால் எந்தப் பாடத்தைப் படிப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வரிசை மாறினால், பெயர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகவே மனம் ஒட்டாத பாடத்தைப் பல ஆண்டுகள் படிக்க நேரிடும். பாடம் முடிவான பிறகும் கல்லூரியை மொத்தமாக எடைபோட வேண்டாம். ஒரே வளாகத்தில் ஒரு துறை செழிப்பாகவும், பக்கத்துத் துறை ஆசிரியர் பற்றாக்குறையோடும் இயங்குவதுண்டு.

தரவரிசைப் பட்டியல்கள் இந்த வேறுபாட்டை முழுமையாகக் காட்டுவதில்லை. க்யூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் 30 விழுக்காடு மதிப்பெண், கல்வியாளர்களிடம் நடத்தப்படும் கருத்துக் கணிப்பிலிருந்தே வருகிறது. அது ஒரு நிறுவனத்தின் புகழைச் சொல்லுமே தவிர, முதலாம் ஆண்டு வகுப்பில் யார் பாடம் நடத்துகிறார் என்பதைச் சொல்லாது. தரச்சான்றிலும் கவனம் தேவை: கல்லூரிக்கு வழங்கப்படும் சான்று வேறு, குறிப்பிட்ட படிப்புக்கு வழங்கப்படும் சான்று வேறு. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்காக 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையும் தரச்சான்று பெற்ற படிப்புகளையே கணக்கில் கொள்கிறது.

மிகுதியாக ஏமாற்றுவது வேலைவாய்ப்புக் கணக்குதான். ஒரு துறையில் இறுதியாண்டு மாணவர்கள் 200 பேர் இருக்க, அவர்களில் 80 பேர் மட்டுமே வளாக நேர்காணலுக்குத் தகுதியுடையவர்களாகப் பதிவு செய்யப்பட்டு, 76 பேருக்கு வேலை கிடைத்தால், விளம்பரத்தில் 95 விழுக்காடு என்று அச்சாகும். மொத்த மாணவர்களை வைத்துப் பார்த்தால் அது 38 விழுக்காடுதான். சராசரிச் சம்பளமும் அப்படியே. ஒன்பது பேருக்கு மாதம் 30 ஆயிரமும் ஒருவருக்கு மட்டும் 3 லட்சத்து 30 ஆயிரமும் கிடைத்தால் சராசரி 60 ஆயிரம் என்று வரும், ஆனால் அந்தத் தொகையை அவர்களில் ஒருவர்கூட வாங்குவதில்லை. ஆகவே இடைநிலைச் சம்பளம் (எல்லோருடைய சம்பளத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் தொகை) எவ்வளவு, விழுக்காடு எத்தனை பேரை வைத்துக் கணக்கிடப்பட்டது என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

நேரில் பார்ப்பதானால், வரவேற்பு நிகழ்ச்சி நடக்கும் நாளை விட்டுவிட்டு, சாதாரண வகுப்பு நாளில் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவியைக் காட்டினால், அதன் பக்கத்தில் இருக்கும் பயன்பாட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். கடைசிக் கையொப்பத்தின் தேதி ஓராண்டுக்கு முந்தையது என்றால், அந்தக் கருவி காட்சிக்காகவே இருக்கிறது என்று ஐயப்படலாம். மேல் வகுப்பு மாணவர்களிடம் "கல்லூரி எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன பருவத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பாதியில் மாறினார், தேர்வு முடிவுகள் எத்தனை வாரங்களில் வந்தன என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியவரும்.

கட்டணத்தை முதல் ஆண்டோடு நிறுத்தாமல், விடுதி, தேர்வு, ஆய்வகச் செலவுகளையும் ஆண்டுதோறும் ஏறும் தொகையையும் சேர்த்துப் படிப்பு முடியும்வரை கணக்கிடுங்கள். உதவித்தொகை உண்டு என்றால், அது ஒவ்வோர் ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் பெறுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், இடத்தை விட்டு விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விதியையும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளுமா என்பதையும் படித்துப் பார்த்துவிடுங்கள்.