டெக்ஸ்சர் ஃபான்ட் போடப் போறீங்களா? எங்கெங்க சொதப்பும்னு பாத்துட்டுப் போடுங்க

சுவத்துல பெயின்ட் உரிஞ்ச மாதிரி, சாக்பீஸ்ல எழுதுன மாதிரி, ரப்பர் ஸ்டாம்ப்ல மை பாதி ஒட்டாம பதிஞ்ச மாதிரி வர்ற டெக்ஸ்சர் ஃபான்ட் எல்லாம் விக்கிற பக்கத்துல பாக்கும்போது செமயா இருக்கும். அங்க ஒரே ஒரு வார்த்தைய ஸ்கிரீன் முழுக்கப் போட்டுக் காட்டுவாங்க, பின்னாடி வெறும் ஒரே கலர், கீறல் ஒவ்வொண்ணும் துல்லியமா தெரியும். அதையே டவுன்லோட் பண்ணி நம்ம சைட்ல மெனு, பட்டன், குட்டித் தலைப்புன்னு பாக்குற இடத்துலல்லாம் போட்டா, போன்ல திறக்குறவங்களுக்கு எழுத்து மேல ஏதோ அழுக்கு ஒட்டியிருக்குன்னு தான் தோணும்.

16 பிக்சல் எழுத்துல ஒரு கோட்டோட தடிமனே ஒண்ணு, ரெண்டு பிக்சல் தான். அதுக்குள்ள இருக்குற கீறல் ஒரு பிக்சல் கூட வராது, அத பிரவுசர் கீறலா எங்க காட்டுறது, மழுப்பி சாம்பலா ஆக்கி விட்டுடும். என் கணக்கு, 48 பிக்சலுக்குக் கீழ இந்த ஃபான்ட் வேண்டவே வேண்டாம். இங்க நிறைய பேர் கோட்ட விடுறது என்னன்னா, டெஸ்க்டாப்புக்கு 72 வச்சிட்டு போனுக்கு 28ன்னு குறைச்சிடுறது, குறைக்கணும்னா அந்த அளவுக்கு வேற சுத்தமான ஃபான்ட்ட மீடியா குவெரில (ஸ்கிரீன் அகலத்துக்கு ஏத்த மாதிரி ஸ்டைல மாத்துற சிஎஸ்எஸ் விதி) மாத்தி விடுங்க. பாராவுக்கு டெக்ஸ்சர் ஃபான்ட் போடுறத பத்தி தனியா பேசவே வேண்டாம், போடாதீங்க, அவ்ளோ தான்.

கான்ட்ராஸ்ட்ல, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இருக்குற வெளிச்ச வித்தியாசத்துல, ஒரு ஏமாத்து வேல இருக்கு. பார்வை குறைஞ்சவங்களும் படிக்கணும்னு வச்சிருக்குற அணுகல் விதிகள்படி (WCAG) சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருக்கணும், செக் பண்ற டூல்ல கலர் கோட கொடுத்தா பாஸ்னு பச்சையா காட்டும். ஆனா அந்த டூலுக்கு நீங்க கொடுத்தது கலர் மட்டும் தானே, எழுத்துக்குள்ள பாதி இடம் ஓட்டையா இருக்குறது அதுக்குத் தெரியாது. ஓட்டை வழியா பின்னணி கலந்து, கருப்பு எழுத்து தூரத்துல இருந்து சாம்பலா தெரியும். இதுல பின்னணியும் மரப்பலகை, கசங்குன பேப்பர்னு வச்சிட்டா எழுத்து எது பின்னணி எதுன்னே பிரியாது. ரெண்டுல ஒண்ணுக்கு மட்டும் டெக்ஸ்சர், இன்னொண்ணு வெறுமையா இருக்கட்டும்.

தமிழ்ல இது இன்னும் மோசம். நம்ம எழுத்துல புள்ளிங்கிறது அலங்காரம் இல்லையே, 'க'வுக்கும் 'க்'குக்கும் அது ஒண்ணு தான் வித்தியாசம். மை தெறிச்ச மாதிரி ஃபான்ட்ல பத்து பொட்டு சுத்தி கிடந்தா எது மெய்யெழுத்துப் புள்ளி எது தெறிப்புன்னு படிக்கிறவங்க நின்னு யோசிக்கணும். 'எ'வும் 'ஏ'வும் கீழ இருக்குற ஒரு சின்ன கோட்டுல தான் பிரியுது, கீறல் சரியா அந்த இடத்துல விழுந்தா 'ஏடு' 'எடு' ஆகிடும். வாங்குறதுக்கு முன்னாடி புள்ளி, 'எ' 'ஏ', 'ஒ' 'ஓ', 'கெ' 'கே' இத மட்டுமாவது டைப் பண்ணிப் பாருங்க. அப்புறம் லைன் ஹைட்ட (ஒரு வரிக்கு விடுற உயரம்) 1ன்னு வச்சா 'கீ' மேல் வரியோட இடிக்கலாம், 'ழு' கீழ் வரியோட இடிக்கலாம், 1.3க்குக் குறையாம வைங்க.

பழைய டிடிபி (கம்ப்யூட்டர்ல அச்சுக்கு பக்கம் வடிவமைக்கிற வேல) காலத்து அலங்கார ஃபான்ட் சிடில இருந்து எடுத்து வெப்ல போடுறவங்களும் இருக்காங்க. அதுல பல ஃபான்ட் யூனிகோட் (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்குற பொது முறை) இல்ல, ஆங்கில எழுத்து இருக்குற இடத்துல தமிழ் படத்த ஒட்டி வச்சது. கண்ணுக்குத் தமிழ், ஆனா கூகுளுக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் (ஸ்கிரீன்ல இருக்குறத வாசிச்சு சொல்ற சாஃப்ட்வேர்) அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பை, காப்பி பண்ணி ஒட்டினாலும் அதே குப்பை தான் வரும்.

யாரும் கவனிக்காத ஒண்ணு போலி போல்டு. டெக்ஸ்சர் ஃபான்ட் பெரும்பாலும் ஒரே ஒரு வெயிட்ல, அதாவது ஒரே தடிமன்ல தான் வரும். ஆனா தலைப்புக்குப் போடுற ஹெச்1, ஹெச்2 டேகுக்கு பிரவுசர் தானாவே போல்டு போடும், ஃபான்ட்ல போல்டு இல்லன்னா இருக்குற எழுத்தையே செயற்கையா தடிக்க வச்சிரும். அப்ப என்ன ஆகும், நீங்க காசு கொடுத்து வாங்குன கீறல் எல்லாம் அடைபட்டு எழுத்து வீங்குன மாதிரி நிக்கும், டிசைன் ஃபைல்ல நல்லா தானே இருந்துச்சு சைட்ல ஏன் இப்படின்னு மண்டைய பிச்சிக்கிறதுக்கு பல நேரம் இது தான் காரணம். சிஎஸ்எஸ்ல அந்தத் தலைப்புக்கு ஃபான்ட்-வெயிட் நார்மல், ஃபான்ட்-சிந்தசிஸ் நன், ரெண்டு வரி, முடிஞ்சது.

அடுத்து ஒரே கீறல் திரும்பத் திரும்ப வர்றது. 'பப்பாளி'ன்னு எழுதுனா மூணு 'ப'லயும் அதே இடத்துல அதே ஓட்டை, கையால அச்சடிச்ச மாதிரி வரணும்னு தான இந்த ஃபான்டையே எடுத்தோம், அந்த மாயம் அங்கயே உடைஞ்சிடுது. நல்ல ஃபான்ட்ல ஒரு எழுத்துக்கு ரெண்டு மூணு மாற்று வடிவம் வச்சு ஓபன்டைப் (ஃபான்ட் ஃபைலுக்குள்ளயே எழுத்த மாத்துற விதி வைக்கிற வசதி) வழியா மாத்தி மாத்திக் காட்டுவாங்க, வாங்கும்போது அது இருக்கான்னு பாருங்க.

வெயிட்டுன்னு சொன்னதும் இன்னொண்ணு, ஃபைல் சைஸ். சாதா ஃபான்ட்ல ஒரு எழுத்தோட ஓரக்கோட்ட வரைய சில பத்து புள்ளி போதும், டெக்ஸ்சர் ஃபான்ட்ல ஒவ்வொரு கீறலும் தனித்தனி வடிவம், ஒரு எழுத்துக்கே நூத்துக்கணக்குல, சில நேரம் ஆயிரக்கணக்குல புள்ளி போகும். அதனால வாஃப் 2 (வெப்புக்குன்னு சுருக்குன ஃபான்ட் ஃபைல்) ஆக்குன பிறகும் சில ஃபான்ட் நூத்துக்கணக்கான கேபில நிக்கும். அது இறங்குற வரைக்கும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் சுமார் 3 செகண்ட் தலைப்பையே காட்டாம வச்சிருக்கும், சிஎஸ்எஸ்ல ஃபான்ட்-டிஸ்ப்ளே ஸ்வாப் போட்டா உடனே மாற்று ஃபான்ட்ல காட்டும், ஆனா அப்புறம் மாறும்போது ஒரு வரித் தலைப்பு ரெண்டு வரியாகி பக்கமே குதிக்கும். மாற்று ஃபான்டுக்கு சிஎஸ்எஸ்ல சைஸ்-அட்ஜஸ்ட் கொடுத்து அகலத்த ஒத்து வர வைக்கணும். அதுக்கும் முன்னாடி, தலைப்புல வர்ற எழுத்த மட்டும் வச்சு மீதிய வெட்டிடுங்க, ஃபான்ட்டூல்ஸ்ங்கிற டூல் தொகுப்புல இருக்குற பைஎஃப்டிசப்செட் இதுக்கு அருமை (லைசன்ஸ் விட்டா தான்). வெட்டுன பிறகு 'கொ', 'ஸ்ரீ' எல்லாம் சரியா சேருதான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

எஸ்விஜி ஃபான்ட்னு, எழுத்துக்குள்ளயே பல கலர் வச்சு பிரஷ் தீத்தல் மாதிரி விக்கிறாங்களே, அத வெப்சைட்டுக்குன்னு வாங்காதீங்க. ஃபோட்டோஷாப்ல வரும், குரோம்ல அந்த வகை கலர் வராது.

உண்மைய சொல்லணும்னா இதுல பாதிப் பிரச்சனை டெக்ஸ்சர ஃபான்டுக்குள்ள அடைச்சதால வர்றது. சுத்தமான தடிச்ச ஃபான்ட் எடுத்து, சிஎஸ்எஸ்ல பேக்கிரவுண்ட்-கிளிப் டெக்ஸ்ட் (பின்னணிய எழுத்து வடிவத்துக்குள்ள மட்டும் காட்டுறது) போட்டு, ஒரு டெக்ஸ்சர் படத்த எழுத்துக்குள்ள காட்டுங்க. எழுத்து நிஜ எழுத்தாவே இருக்கும், கீறல் தலைப்பு முழுக்க ஒரே படமா ஓடுறதால எந்த ரெண்டு எழுத்தும் ஒரே மாதிரி வராது, போன்ல டெக்ஸ்சர் வேண்டாம்னா படம் போட்ட வரிய மட்டும் எடுத்துடலாம். எழுத்து கலர டிரான்ஸ்பரன்ட் ஆக்குறீங்கல்ல, அப்ப படம் வரலைன்னா தலைப்பே காணாம போயிடும், பேக்கிரவுண்ட்-கலரும் சேத்து கொடுத்துருங்க.

லைசன்ஸும் பாக்கணும். டெஸ்க்டாப் லைசன்ஸ் வாங்கி ஃபைல வாஃப் 2 ஆக்கிட்டா வெப்சைட்ல போட உரிமை வந்துடாது, 'பர்சனல் யூஸ்'னு போட்டிருந்தா கடை சைட்டுக்கு ஆகாது. ரூபிக் டர்ட், ஸ்பெஷல் எலீட், கேபின் ஸ்கெட்ச் இதெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம், வியாபார சைட்லயும் போடலாம். ஆனா இந்த மூணுலயும் தமிழ் கிடையாது, தமிழ் தலைப்புக்குப் போட்டா பிரவுசர் ஏதாவது சிஸ்டம் ஃபான்ட எடுத்துப் போட்டுட்டு நிக்கும், அதனால தமிழுக்கு அனேக் தமிழ் இல்ல பாலூ தம்பி 2 மாதிரி தடிமனா ஒண்ண எடுத்து டெக்ஸ்சர பேக்கிரவுண்ட்-கிளிப்லயே கொடுத்துடுங்க.